செத்தவர் எழுந்த கதை

2013இல் வந்த 'அம்பிகாபதி'யில் தனுஷ் கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் செத்துப்போவார். 2025 ஆகஸ்ட் 1 அன்று படம் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். வைத்தியம்: ஏஐ. வைத்தியர்: பட உரிமையைக் கையில் வைத்திருந்த ஈரோஸ். இயக்குநர் ஆனந்த் எல். ராய் ஒப்பவில்லை. பிழைத்தெழுந்த தனுஷோ, படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று அறிக்கை விட்டார். பிழைக்க வைத்ததற்குக் கோபித்துக்கொண்ட நோயாளி அநேகமாக இவர்தான்.

வடக்கனந்தல் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்காது. கர்ண மோட்சம் என்றால் கர்ணன் செத்தே தீரவேண்டும். அவன் மனைவி பொன்னுருவி மாரடித்து அழும்போது முந்தானையால் மூக்கைச் சிந்தும் பாட்டிகூட, "பாவம், பொழைக்க வெச்சிடுங்கப்பா" என்று கூத்தாடும் ஜமாவிடம் கேட்டதில்லை. கேட்டால் கோமாளி வேஷக் கட்டியங்காரன் அடுத்த ஊர்வரை கேலி பேசுவான்.

ஏஐ என்றாலே வில்லன் என்றும் சொல்ல முடியாது. 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் அதை வைத்துத்தான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததாகச் சொன்னார். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்வானேன்.

தனுஷ் கடுமையான விதிமுறைகள் வேண்டும் என்கிறார். அதுவரை நடிகர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: 'கதைப்படி இறந்தவரை, தயாரிப்பாளர் கேட்டாலும் எழுப்பக் கூடாது.'