நடுவர்களுக்கு ஒரு பொன்னாடை

மாவட்டக் குறும்படப் போட்டிக்கு இதைவிடத் தகுதியான நடுவர் குழு அமையாது. நகைக்கடை அதிபர், கல்யாண மண்டப உரிமையாளர், ஓய்வுபெற்ற தாசில்தார், பல் டாக்டர். ஐந்தாமவர் சினிமாக்காரர்; ஏதோ ஒரு படத்தின் பஞ்சாயத்துக் காட்சியில் ஆலமரத்துக்குப் பின்னால் நின்றவர். மற்ற நால்வருக்கும் சினிமா தெரியாது. அதுதான் குழுவின் பலம். தெரிந்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும், பாருங்கள்.

ஆஸ்கர்காரர்கள் 40 நிமிடம் வரை குறும்படம்தான் என்கிறார்கள். வேலையற்றவர்கள். நம்மவர்கள் படத்துக்கு 2 நிமிடம் ஒதுக்கினார்கள். கேமரா தந்த மாமாவுக்கும் பைக் தந்த நண்பனுக்கும் டைட்டிலில் நன்றி ஓடி முடிவதற்குள் மதிப்பெண் விழுந்துவிட்டது. பொன்னாடைக்கு மட்டும் ஒரு மணி நேரம். கலையை அவசரப்படுத்தக் கூடாதல்லவா! 'நாளைய இயக்குநர்' டிவி நிகழ்ச்சி மேடையில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்ததை ஐவரும் தலா ஒருமுறை நினைவூட்டினார்கள். ஆலமரக்காரர் இரண்டு முறை.

முதல் பரிசு ஒருமனதாக முடிவானது. தாய் மகள் பாசம், தாலி, கண்ணீர், எல்லாம் 40 நொடியில். என்ன சிக்கனம்! டாக்டரே அழுதுவிட்டார். இயக்குநரை மேடைக்கு அழைத்தார்கள், யாரும் வரவில்லை. அது படங்களுக்கு நடுவே ஓடிய நகைக்கடை விளம்பரம்.

விஷயம் தெரிந்த நடுவர் ஒருவர்தான். தன்னடக்கத்தால் அவர் வாய் திறக்கவில்லை. எழுந்து போய், செய்கூலி சேதாரம் இல்லாமல் கேடயத்தை வாங்கிக்கொண்டார்.