கீசகனின் ஜி.எஸ்.எம்.

தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்கள் பல விஷயங்களில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு பிழையில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. சினிமாவைக் கலை என்றே வைத்து எழுதிவிட்டார்கள். பிற்காலத்துக்கு அது பொருந்தலாம். பேசாப்படக் காலத்தைப் பொறுத்தவரை சினிமா என்பது ஜவுளி. அதை நிறுவுவதற்காகத் திருப்பூர்க் கண்ணோட்டத்தில் எழுதப்படுவது இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஆர். நடராஜ முதலியார் (1885–1971). தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எனப்படும் 'கீசக வத'த்தை எடுத்தவர். வேலூர்க்காரர். சென்னையில் முதலில் சைக்கிள் வியாபாரம், பிறகு அமெரிக்கக் காரும் உதிரிப்பாகமும். திருப்பூரில் அவருக்குக் கம்பெனி கிடையாதே, அவரை எப்படி இங்கே சேர்ப்பது என்று கேட்பார் உளர். கம்பர் அயோத்திக்குப் போய் டேப் வைத்து அளந்துவிட்டா எழுதினார்? அவ்வினா அற்றன்று என்க.

முதலில் மூலப்பொருள். பேசாப்பட ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. செல்லுலோஸ் வந்தது பருத்தியிலிருந்து. ஜின்னிங்கில் பஞ்சைப் பிரித்த பிறகும் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் போடுவார்கள். பிறகு அலசி, கற்பூரமும் ஆல்கஹாலும் சேர்த்துக் கரைத்து, மெல்லிய தகடாக ஓட்டி, அதன்மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசுவார்கள். பஞ்சு, அமிலம், அலசல், பூச்சு, நிறையக் கழிவுநீர். சாயப்பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் முகத்தில் எந்த வியப்பும் தெரியாது. ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி இருந்த ரோச்செஸ்டர் நகரில் ஜெனசி என்றொரு ஆறு ஓடுகிறது. திருப்பூரின் நொய்யலுக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்தது. இதைவிட நெருங்கிய சொந்தம் இரண்டு ஊர்களுக்கு இடையே வேண்டுமா?

அதே பஞ்சில் நைட்ரஜனைக் கொஞ்சம் கூட்டினால் வெடிப்பஞ்சு. 'கீசக வதம்' எடுக்கப்பட்ட நாளில் ஐரோப்பா அதைப் பீரங்கியில் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆக ஒரே கொட்டையின் குறும்பஞ்சில் பாதி பெல்ஜியத்து வயலுக்கும் பாதி விராடன் அரண்மனைக்கும் போயிற்று. பனியனுக்கு வரவேண்டியதும் இதில் உண்டு என்று சொல்ல ஆசைதான். ஆனால் குலாம் காதர் திருப்பூரில் பனியன் மிஷின் போட்டது 1925இல். அதற்கு முன் இந்த ஊரில் ஜின்னிங்கும் பஞ்சு வியாபாரமும், பின்னே கதரும்தான். ஆய்வாளன் ஆசைக்கு அடிமையாகலாகாது.

அடுத்து அளவை. 'கீசக வதம்' 6,000 அடி என்கிறார்கள். சினிமாக்காரர் அடியில் சொல்வார், கைத்தறிக்காரர் கெஜத்தில் சொல்வார். பனியன்காரருக்குக் கிலோவில் சொன்னால்தான் விளங்கும். ஆகவே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 6,000 அடி என்பது சுமார் 1,829 மீட்டர். அகலம் 35 மில்லிமீட்டர். பரப்பு 64 சதுர மீட்டர். ஃபிலிமின் தடிமன் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர், அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆக, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம். அதாவது தென்னிந்தியாவின் முதல் சினிமா 200 ஜி.எஸ்.எம். கோடைக்குக் கொஞ்சம் கனம்; ஐரோப்பிய பையர் இலையுதிர்காலத்துக்கு எடுப்பார்.

மொத்த எடை 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கட்டிங் வேஸ்ட் சேர்த்து ஒரு டி-சர்ட்டுக்குக் கால் கிலோ வைத்தால் 51 பீஸ். இந்த அளவுக்கு ஆர்டர் கொண்டுபோனால் எந்த நிட்டிங்காரரும் மிஷினை நிறுத்திப் பேசமாட்டார். தரமோ இன்னும் மோசம். ஃபிரேமுக்கு ஓரத்துக்கு 4 துளை, அடிக்கு 16 ஃபிரேம், இரண்டு ஓரம்: மொத்தம் 7,68,000 ஓட்டை. செக்கிங் டேபிளைத் தாண்டாது.

இனி யூனிட். நடராஜ முதலியார் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக்கிழார் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் கேமராவையும் பிரிண்டரையும் ரூ. 1,800க்கு வாங்கினார். செகண்ட் ஹேண்ட் மிஷின். இந்த ஊரில் பாதிப் பேரின் வரலாறு அப்படித்தான் தொடங்குகிறது. தொழில் கற்றது புனேயில், ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கேமராக்காரரிடம். பக்கத்தில் நின்று பார்த்து, கொஞ்சம் கைப்பிடியைச் சுற்றிப்பார்த்து, திரும்பிவந்து சொந்தமாகப் போடுவது. டெய்லராகச் சேர்ந்து முதலாளியான எவரும் இதற்கு உரை கேட்கமாட்டார்.

சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனி. மின்விளக்கு வைத்துப் படமெடுக்கும் காலம் அல்ல. மெல்லிய வெள்ளைத் துணியை மேலே கூரையாகக் கட்டி, அதன்வழி வடிகட்டிய வெயிலில் நடித்தார்கள். ஆக ஸ்டூடியோவின் கூரை துணி. கேமராவுக்குள் ஓடியது பஞ்சு. காட்டும்போது திரையும் துணி. ஊர் ஊராகக் காட்டியவர்களின் கொட்டகையும் கித்தான். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்டை இங்கே நினைக்காமல் போவது தவறு. திருச்சி ரயில்வேயில் படம் வரைபவராக இருந்த அவர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 1905இல் புரொஜெக்டர் வாங்கி, வேலையை உதறி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பல ஊர் சுற்றினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகுதான் அவர் தொழிலில் செங்கல் என்ற அந்நியப் பொருள் நுழைகிறது. அதுவரை எல்லாம் பருத்தி. இத்தனைக்குப் பிறகும் இத்தொழில் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின்கீழ் வைக்கப்பட்டிருப்பது நிர்வாகக் கோளாறு.

ஜாப் ஒர்க்கும் உண்டு. சென்னை வெக்கையில் ஃபிலிமைக் கழுவ முடியாது என்று பெங்களூரில் லேப் வைத்தார். வாரம் முழுக்கச் சென்னையில் எடுப்பது, வாரக்கடைசியில் பெங்களூருக்கு ரயிலேறிக் கழுவுவது, திங்கட்கிழமை காலையில் திரும்பி வேலையைப் பிடிப்பது. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பேக்டிங் வேறோரிடம் என்று மொபெட்டில் அலைகிற சூப்பர்வைசருக்கு நூறாண்டு முன்னோடி இவர். ஒரே வித்தியாசம், முதலாளியே அலைந்தார்.

கணக்கு வழக்கு: செலவு ரூ. 35,000. வரவு ரூ. 50,000. இந்தியா போக, பர்மா, சிலோன், மலாய் நாடுகள், சிங்கப்பூர் வரை படம் போயிற்று. எனவே எக்ஸ்போர்ட்டரும் ஆகிறார். விற்றதில் நூற்றுக்கு முப்பது லாபம். இந்த எண்ணைத் திருப்பூரில் உரக்கப் படிக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பீஸுக்கு ரெண்டு ரூபாய் நின்றால் போதும் என்று ஷிப்மென்ட் போடுகிறவர்கள் மனம் நோவார்கள்.

லேபிள் விஷயத்திலும் குறையில்லை. படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழியில் இருந்தன. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் உள்ளிட்டோர் உதவினார்கள். இந்திக்கு உதவியவர் காந்தியின் மகன் தேவதாஸ் என்று சொல்கிறார்கள். படம் வந்த ஆண்டு 1916 என்பர் சிலர், 1917 என்பர் சிலர், 1918 என்பர் சிலர். தேவதாஸ் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தது 1918இல். இந்தச் செய்தி மெய்யானால் மூன்றாம் கட்சியே வலியது. வாஷ் கேர் லேபிளை வைத்துச் சட்டை எந்த சீசனுடையது என்று கண்டுபிடிப்பதற்கும் இந்த முறைக்கும் பேதமில்லை.

கதைக்கு வருவோம். கீசகன் கதையை எடுக்கச் சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். முதல் படத்துக்கா இந்தக் கதை என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ராஜா முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. நடிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் சுகுண விலாச சபையின் ரங்கவடிவேலு, தொழிலால் வக்கீல். எல்லோரும் இதை ஒழுக்கக்கேடும் அதன் தண்டனையும் பற்றிய கதை என்றே படித்திருக்கிறார்கள். விராட பருவத்தைப் பொறுமையாகப் படித்தால் வேறு தெரியும். திரௌபதி அங்கே சைரந்திரி, அரசியை அலங்கரிக்கும் வேலைக்காரி. அர்ச்சுனன் பெண்ணுடையில் பிருகன்னளை. போருக்குக் கிளம்புகிறவனிடம் இளவரசி உத்தரை கேட்பது வெற்றியை அல்ல: பொம்மைக்குக் கட்ட எதிரிகளின் நல்ல நல்ல துணியாகக் கொண்டுவா என்கிறாள். மயங்கிக் கிடந்த கௌரவர்களின் மேலாடைகள் அப்படியே உருவப்படுகின்றன. சுங்க அட்டவணையில் உடுத்திய பழந்துணிக்கு 6309 என்று தனித் தலைப்பு இருக்கிறது. திருப்பூர்க் காதர்பேட்டைக்கு அது தெரியும், பாரத உரையாசிரியர்களுக்குத் தெரியாது.

முதலியார் தொடர்ந்து எடுத்தவற்றுள் 'லவகுசா'வும் உண்டு. 1923இல் தொழிலை விட்டார். ஸ்டூடியோ தீயில் போயிற்று. தீயில் மகனும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. அதற்குப் பிறகு 48 ஆண்டு வாழ்ந்தார். நைட்ரேட் ஃபிலிம் எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும்; தண்ணீருக்கு அடியிலும் எரியும். எரியாதது கிடங்கிலேயே நைந்து பொடியாகும். அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

பேசாப்படங்களில் இந்தப் பக்கம் தப்பியது என்றால் பி.வி. ராவ் இயக்கி, நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா'வைச் சொல்ல வேண்டும். அது தப்பியதற்குக் காரணம் கலையுணர்ச்சி அல்ல, வழக்கு. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போய்ப் படப்பெட்டியைக் கைப்பற்றிவிட்டார். படம் ஓடவில்லை, ஓடாததால் தேயவில்லை. இப்போது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பையர் கேன்சல் செய்த சரக்குதான் குடோனில் நெடுநாள் இருக்கும் என்பது தொழில் அறிந்தவர்களுக்குப் பழகிய உண்மை. நல்ல படங்களுக்கெல்லாம் யாராவது கேஸ் போட்டிருக்கக் கூடாதா?

பேச எஞ்சியிருப்பது முதலியாரின் இரண்டாம் படம், 'திரௌபதி வஸ்திராபகரணம்'. இதில் திரௌபதியாக ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண் நடித்தார். நம் ஆய்வின் உச்சம் இதுவே, ஏனெனில் நாயகி, வில்லன், கடவுள் மூவருமே இங்கே ஒரு துணியைச் சுற்றி வருகிறார்கள். பெரிய ஆட்சேபமும் இங்கேதான் எழுகிறது. புடவை நெய்தது; திருப்பூர்ச் சரக்கு பின்னியது. ஆகவே இந்தப் படத்தை ஈரோட்டுக்கோ சென்னிமலைக்கோதான் சேர்க்க வேண்டும் என்று அவ்வூரார் வாதிடுவார்கள்.

வாதம் நிற்காது. தறியில் நெய்வதற்குப் பாவு வேண்டும். பாவு எவ்வளவு ஓடியதோ அவ்வளவுதான் துணி, அதற்கு மேல் ஓரங்குலம் கண்ணனாலும் நெய்ய முடியாது. முடிவில் முந்தானை வந்தே தீரும். சபையில் துச்சாதனன் கை ஓய்ந்து உட்காரும்வரை இழுத்தும் முந்தானை வரவில்லை என்பது எல்லாப் பாடமும் ஒப்புக்கொண்டது. முடிவில்லாமல் ஒரு துணி வர வேண்டுமானால், கோன் தீரத் தீர அடுத்த கோன் நூலை முடிச்சுப்போட்டு ஓட்டுகிற வட்ட நிட்டிங் மிஷினில்தான் வரும். எனவே அது பின்னல். சுழல் சக்கரம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க.

முதலியாருக்கு வந்த சிக்கல் இதற்கு நேர் எதிரானது. கண்ணனுக்குத் துணி முடியாது, முதலியாருக்கு ஃபிலிம் முடிந்துவிடும். நொடிக்கு 16 ஃபிரேம் சுற்றினால் ஓர் அடி ஒரு நொடியில் தீரும். அன்றைய கேமராப் பெட்டியில் அடங்குவது சில நூறு அடி. ஆகவே எந்தத் துச்சாதனனும் ஒரே ஷாட்டில் சில நிமிடத்துக்கு மேல் இழுத்திருக்க வழியில்லை. அதற்குள் கை ஓயாதவனாக ஒரு நடிகன் கிடைத்திருந்தால் மகாபாரதமே திரும்பியிருக்கும்.

ஒரு சிறு நடைமுறைக் கேள்வி பாக்கி. இந்தச் சரக்கு ஏற்றுமதியா, உள்நாட்டு சப்ளையா? அனுப்பியது துவாரகை, இறங்கியது அஸ்தினாபுரம். இன்றைய வரைபடத்தில் குஜராத்திலிருந்து உத்தரப்பிரதேசம், ஆகவே ஐ.ஜி.எஸ்.டி. என்பார் ஒரு சாரார். அக்காலத்தில் இரண்டும் தனித்தனி அரசு, ஆகவே ஏற்றுமதிதான் என்பது நம் துணிபு. ஆயினும் கண்ணன் ஷிப்பிங் பில் போட்டதாக வியாசர் எங்கும் சொல்லவில்லை. டிராபேக் கிடைக்காது.