பக்கத்து அறைக்குப் போக ஓர் இ-பாஸ்

அனுப்புநர்:
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
அரவேணு, கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் உதவி மையம்,
விளையாட்டுப் பெட்டி தயாரிக்கும் நிறுவனம்,
கடல் தாண்டி.

பொருள்: முன்னறைக் கணினியில் இருக்கும் கல்யாண வீடியோ நடுவீட்டு டிவிக்கு வந்துபோக அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உதவி மையத்தின் பதில்கள் (பல தேதிகள், ஒரே வாசகம்).

ஐயா,

பெறுநர் இடத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அது மரியாதைக் குறைவு அல்ல. வேறு கம்பெனிப் பெட்டி வைத்திருக்கும் உறவுக்காரர்களை விசாரித்தேன். அவர்களுக்கும் இதே பதில், இதே வரிசையில், கடைசியில் இதே ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’யோடு வந்திருக்கிறது. ஆகவே யார் பெயரைப் போட்டாலும் கடிதம் சரியான இடத்துக்குத்தான் போகும்.

அனுமதி வாங்கிப் பழகிய ஊர் எங்களுடையது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், கேத்தரின் அருவிக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர்ச் சுற்றுலா வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் நீலகிரிக்குள் வர முடியாது. மலை தாங்கவில்லை, வண்டிகளை எண்ணியாக வேண்டும், நியாயம்தான். உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்கு அதில் விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டு முன்னறையில் பிறந்து, நடுவீடு வரை மட்டுமே போக வேண்டிய ஒரு வீடியோவுக்கு அந்த உள்ளூர் விலக்கு ஏன் கிடையாது என்பதுதான் இந்த மனு.

நிலவரம் இதுதான். இலைக் கணக்கு எழுதுகிற முன்னறையில் கணினி. அதில் மகள் கல்யாண வீடியோ. நடுவீட்டில் பழைய டிவி, அதனடியில் பேரன் விளையாடும் தங்கள் பெட்டி. நடுவே கருங்கல் சுவர் ஒன்று. கணினியில் இருக்கும் படத்தைப் பெட்டி வழியாக டிவியில் பார்க்கலாம் என்று அட்டைப்பெட்டியின் மேல் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி என் தாயார் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டிவியில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் நாலு இலக்க எண் ஒன்றும் வந்தன. “இதான் மாப்பிள்ளையா?” என்று அம்மா கேட்டார்.

தங்கள் உதவி மையத்தின் முதல் அறிவுரை: பெட்டியை அணைத்து, மீண்டும் போடவும். ஐயா, அந்தச் சேவையை எங்கள் மலையில் காற்றும் மழையும் மரக்கிளையும் சேர்ந்து இலவசமாகவே செய்து தருகின்றன. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றால் நீலகிரியில் ஒரு மின்சாதனமும் பழுதாகியிருக்கக் கூடாது.

இரண்டாவது அறிவுரை: இணைய வேகத்தைச் சோதிக்கவும். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. முன்னறையிலிருந்து நடுவீட்டுக்கு வருகிற வீடியோ இணையத்தைத் தொடவே தொடாது. கணினியிலிருந்து ரௌட்டர், ரௌட்டரிலிருந்து பெட்டி, அவ்வளவுதான் பயணம். சாதாரண ப்ளூ-ரே வட்டில் உள்ள படமே நொடிக்கு அதிகபட்சம் 40 மெகாபிட். வீட்டில் இழுக்கிற மலிவான வயர் 100 மெகாபிட் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து, கேபிள் அறுந்து, ஊர் முழுக்க இணையம் செத்துக் கிடந்தாலும் இந்த ஒரு வழி மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். எங்களைப் போன்ற ஊர்களுக்கு இந்த வசதியின் அருமையே அதுதான். ஆனால் கேபிள் அறுந்த அன்று அழைத்தபோதும், “சார், முதலில் இணையம் வரட்டும்” என்றார் தங்கள் ஊழியர்.

மூன்றாவது அறிவுரை: சுவர் மறைக்கலாம், ரௌட்டரைத் திறந்த வெளியில் வைத்துப் பார்க்கவும். கருங்கல் சுவர் வைஃபை அலையைக் குடிப்பது உண்மை. ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆனால் கோத்தகிரிப் பக்கத்தில் இரவில் திறந்த வெளி கரடிக்கு உரியது. விளக்கில் ஊற்றும் எண்ணெயின் வாசனைக்குக் கோயில் கதவையே பெயர்க்கிற ஜீவன் அது. ரௌட்டர் விஷயத்தில் அதன் நிலைப்பாடு என்ன என்று தங்கள் கையேட்டில் தேடினேன், கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி ஒவ்வொரு முறையும் வீட்டு வலைக்குள் ஒரு குரல் கொடுக்கிறது. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 என்ற வாசல் வழியாக, ‘படம் வைத்திருப்பவர் யாராவது உண்டா?’ என்கிறது. கணினி, ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். அணையும்போது, ‘போய்வருகிறேன்’ என்றும் சொல்ல வேண்டும். பண்பான ஏற்பாடு. ஆனால் கணினி மட்டும் பட்டென்று அணைந்துபோனால் விடைபெற ஏது நேரம்? ஒரு சர்வரின் பெயரை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதற்குக் குறைந்தது 1,800 நொடி வைக்கச் சொல்கிறது விதி. ஆக, கணினி செத்த பிறகும் அரை மணி நேரம்கூட அதன் பெயர் டிவியில் நிற்கலாம், வாக்காளர் பட்டியலில் காலமான பெரியப்பா பெயர் நிற்பதைப் போல. அதை அழுத்தினால் மறுபடி வட்டம், மறுபடி நாலு இலக்க எண்.

இதற்குள் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தது: இந்த நெட்வொர்க் பொதுவா, சொந்தமா? ‘பொது’ என்று இருந்தால் அது விமான நிலையத்துக்கும் காபிக் கடைக்கும் உரிய அமைப்பு. கணினி வாயைத் திறக்காது, பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காது. கணினியைக் கொண்டுவந்து பொருத்திய கடைக்காரர் எங்கள் வீட்டைப் பொதுவிடம் என்று முடிவு செய்துவிட்டார். உறவுக்கூட்டம் வந்துபோகிற வேகத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதைச் ‘சொந்தம்’ என்று மாற்றி, ஃபயர்வாலில் வழிவிட்டு, ஊடகப் பகிர்வை இயக்கினேன். அப்போதும் பெட்டி அசையவில்லை.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் லீவுக்கு வந்தான். இரண்டு எண்களைப் பார்த்தான். கணினியின் ஐ.பி. முகவரி 192.168.1 என்று தொடங்கியது, பெட்டியுடையது 192.168.0 என்று. “மாமா, ரெண்டும் ரெண்டு வீட்டுல குடியிருக்கு” என்றான். இணையம் கொண்டுவந்தவர் முன்னறையில் வைத்த மோடமே ஒரு ரௌட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் அலை எட்டவில்லை என்று நடுவீட்டில் இன்னொரு ரௌட்டரையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது ரௌட்டர் தனக்கென்று தனி வலை விரித்திருந்தது. பெட்டி போடுகிற கூப்பாடு அந்த எல்லையைத் தாண்டாது. ஆனால் இரண்டு பக்கமும் இணையம் மட்டும் பிரமாதமாக வரும். அதனால்தான் தங்கள் ஊழியர்கள் ஒவ்வொரு முறையும் “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது சார்” என்று உளமாரச் சொன்னார்கள். பையன் இரண்டாவது ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினான். கணினியின் பெயர் டிவியில் வந்து நின்றது.

பெயர்தான் வந்தது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கல்யாணம் எது, நிலப் பட்டாவின் ஸ்கேன் எது என்று குலுக்கிப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்த கோப்பும் பெட்டிக்குப் புரியாத வடிவம். வீடியோக்காரர் இந்தக் காலத்துக் கேமராவில் எடுத்தது எச். 265, தங்கள் பெட்டி படித்ததெல்லாம் எச். 264 வரைதான். பென்டிரைவில் போட்டுச் செருகலாமே என்றால், பெட்டி ஏற்பது ஃபேட்32 மட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஆட்டம் மட்டுமே அதைத் தாண்டும். கடைசியில் யுனிவர்சல் மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருள், ஓடுகிற போக்கிலேயே வடிவத்தை மாற்றிக் கொடுத்தது. கணினியின் விசிறி இரைந்தது. படம் ஓடியது. அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

படம்தான் ஓடிவிட்டதே, பிறகு எதற்கு மனு என்பீர்கள். சொல்கிறேன்.

இதற்கென்று ஒரு கூட்டமைப்பு இருந்தது. வீட்டில் எந்தக் கம்பெனிப் பொருள் இருந்தாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் முதலான நிறுவனங்கள் 2003இல் தொடங்கியது, பின்னாளில் டி.எல்.என்.ஏ. என்று பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 2017 ஜனவரியில் அது கலைந்தது. இந்த மனு முறைப்படி போயிருக்க வேண்டிய அலுவலகம் அதுதான். இப்போது தபால் வாங்க ஆள் இல்லை. வீட்டுக் கணினிகளைச் சேர்த்துக்கட்ட 2009இல் விண்டோஸ் 7 கொண்டுவந்த ‘ஹோம்குரூப்’ 2018இல் எடுக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 டிவியில் விரித்துக் காட்டிய விண்டோஸ் மீடியா சென்டர், 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது காணாமல் போனது. பிளேஸ்டேஷன் 3இல் 2007இல் வந்த டி.எல்.என்.ஏ. வசதி, 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் இல்லை. பலர் கேட்ட பிறகு 2015 ஜூனில் திரும்பி வந்தது. பிளேஸ்டேஷன் 5இல் மறுபடி இல்லை. முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்து, ஆர்வலர்கள் சம்பளம் இல்லாமல் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி. மட்டும் ‘கோடி’ என்ற பெயரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தொழில்நுட்பம் தேய்ந்துபோனதால் இவை போகவில்லை. வீட்டுக்குள் ஓடுகிற படத்துக்கு மாதச் சந்தா வாங்க முடியாது. அதுதான் இதன் ஒரே குறை. என் கல்யாண வீடியோவைத் தங்கள் தொலைதூரக் கிடங்கில் ஏற்றி, அங்கிருந்து இறக்கிப் பார்த்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்! பசுந்தேயிலை விலையை நான் வைப்பதில்லை. குன்னூர் ஏலம் ஒன்று சொல்லும், தேயிலை வாரியம் மாதாமாதம் ஒன்று அறிவிக்கும், கொழுந்தை வாங்குகிற தொழிற்சாலை இன்னொன்று கொடுக்கும். அது பழகிவிட்டது. முன்னறைக்கும் நடுவீட்டுக்கும் நடுவில் என்ன போகலாம் என்பதையாவது நானே முடிவு செய்கிறேனே என்பதுதான் என் பேராசை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. வீட்டுக்குள் நடக்கிற கோளாறுக்கு அழைப்பவரிடம் இணைய வேகத்தைக் கேட்பதை நிறுத்தவும்.

2. நாலு இலக்க எண்ணுக்குப் பதிலாக, ‘என் முகவரி இது, கணினியும் இதே வலையில் இருக்கிறதா பாருங்கள்’ என்று ஒரு வாக்கியம் காட்டவும். பெட்டிக்குத் தன் முகவரி தெரியும். சொல்ல வாய்தான் இல்லை.

3. கட்டங்களை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துகளை வைக்கவும். ஓர் எழுத்துருவின் எடை, தாங்கள் வாராவாரம் அனுப்பும் அப்டேட்டில் துளிகூட வராது.

4. அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்ற வசதியை அப்டேட் என்ற பெயரில் திரும்ப எடுக்க வேண்டாம். அடுத்த பெட்டியில் அது இல்லையென்றால், ‘உங்கள் படம் உங்கள் வீட்டில் ஓடாது’ என்று அதே அட்டையில், அதே பெரிய எழுத்தில் அச்சிடவும்.

5. டிவிக்கு நேராக எச்.டி.எம்.ஐ. வயர் இழுத்தால் எல்லாம் தீர்ந்தது என்ற யோசனையைத் தங்கள் ஊழியர்கள் யாரும் சொல்லவில்லை. அந்த விசுவாசத்துக்காக அவர்களுக்குச் சம்பள உயர்வு தரவும்.

இப்படிக்கு,
தங்கள் பொறுமைக்கு நன்றி கூறும்,
அரவேணு சிறு தேயிலை விவசாயி.

நகல்:
1. டி.எல்.என்.ஏ. கூட்டமைப்பு (கலைந்தது) – மறுபடி கூடினால் முதல் பொருளாக எடுத்துக்கொள்ள.
2. பக்கத்து வீட்டுப் பையன் – அடுத்த லீவுக்குத் தயாராக இருக்க.
3. கரடி – தகவலுக்காக மட்டும்.