தலை எண்ணிய அதிபர்கள்

தமிழ்நாட்டுப் பத்திரிகையில் ‘இலங்கை அதிபர்’ என்று தலைப்பைக் கண்டால் இன்றைக்கும் என் கை தன்பாட்டில் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கும். அவர்களுக்கு அதிபர் என்றால் நாட்டை ஆள்பவர். மட்டக்களப்பில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தை ஆள்பவர். நாட்டை ஆள்பவரை நாங்கள் சனாதிபதி என்போம். சின்ன வயதில் அவருக்கு நாங்கள் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போது பாசிக்குடாச் சுற்றுலா என்றால் கல்குடா ஸ்டேசனில் இறங்கி, சோற்றுப் பார்சலோடு நடை. எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பைத் தாண்டாத கடல் அது. ஆனாலும் எங்கள் அதிபர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கரையில் நின்று தலை எண்ணிக்கொண்டே இருப்பார்.

“நாப்பத்தொண்டு. ஒண்டு குறையுது. ஆர்டா அது?”

தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்தவன் எழும்புவான். கணக்குச் சரி. அவன் காதுதான் சரியில்லாமற் போகும்.

அப்படித் தலை எண்ணும் உத்தியோகத்திலிருந்து அரசியலுக்குப் போனவர் பிரின்ஸ் காசிநாதர். வில்லியம் ஓல்ட் 1814இல் தொடக்கிவைத்த மெதடிஸ்த மத்திய கல்லூரியின் அதிபர். பிறகு பிரஜைகள் குழுத் தலைவர். 1989 பெப்ரவரித் தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் வென்று எம்.பி. இது பதவி உயர்வா, இறக்கமா? பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எல்லாரும் வகுப்புக்குள் இருப்பார்கள். பாராளுமன்றத்தில் கோரம் இல்லையென்றுதான் மணி அடிப்பார்கள்.

அங்கேயும் தலை எண்ணுவது உண்டு. ஆனால் கணக்குக் குறைந்துகொண்டே போனது. அதே பட்டியலில் மட்டக்களப்பில் நின்று தோற்று, தேசியப் பட்டியலில் உள்ளே வந்த அமிர்தலிங்கத்தை 1989 ஜூலையில் சுட்டார்கள். கூட வென்ற சாம் தம்பிமுத்துவையும் அவர் மனைவியையும் 1990 மே மாதம் சுட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த ஜோசப் பரராஜசிங்கத்தை 2005 நத்தாரன்று, தேவாலயத்துக்குள்ளேயே சுட்டார்கள்.

இப்போது பாசிக்குடா முழுக்க ஹோட்டல். வாசலில் நிற்கும் பொடியன், “எத்தனை பேர், சேர்?” என்று மரியாதையாகக் கேட்கிறான். தலை எண்ணத்தான். அறைக் கணக்குக்கு.

மட்டக்களப்பிலிருந்து அங்கே போகும் வழியில்தான் வந்தாறுமூலை வருகிறது. அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் என் காதில் அந்தப் பழைய குரல்தான்: “ஆர்டா அது?” எழும்பி நிற்க ஒருவனும் இல்லை.

காசிநாதர் 2018 டிசெம்பரில் காலமானார். வயது 92. அந்தக் காலத்து மட்டக்களப்பு எம்.பி. ஒருவருக்கு, எந்த அமைச்சுப் பதவியையும்விடப் பெரிய பதவி அது.