சர்வர் சுந்தரம் பதில்கள்

சொந்தப் பெயரில் ஒரு வெப்சைட் வைக்க மாதம் என்ன செலவாகும்?
கல்லூரி மாணவர், கோவில்பட்டி

உங்களைப் பற்றி நாலு பக்கம், கொஞ்சம் போட்டோ, செய்த புராஜெக்டுகள், இவ்வளவுதான் என்றால் ஹோஸ்டிங்குக்கு ஒரு பைசா வேண்டாம். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை எல்லாமே இந்த அளவுக்கு இலவசம். டொமைன் பெயருக்கு மட்டும் வருடா வருடம் கட்ட வேண்டும். 'முதல் வருடம் 99 ரூபாய்' என்று விளம்பரம் வந்தால் இரண்டாம் வருடத் தொகையைத் தேடுங்கள். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும்.

எந்தக் கம்பெனியில் ஹோஸ்ட் செய்வது நல்லது?
அதே மாணவர்

எதிலிருந்து ஒரே சாயங்காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமோ, அதில்.

ஜியோசிட்டீஸ் 1994-ல் தொடங்கியது. 1999-ல் யாஹூ வாங்கியது. 2009-ல் இழுத்து மூடியது. அதில் சொந்தப் பக்கம் வைத்திருந்தவர்கள் லட்சக்கணக்கில். ஹெரோக்குவை நம்பி இலவசமாக அப்ளிகேஷன் ஓட்டியவர்களுக்கு 2022 நவம்பரில் அந்த இலவசம் முடிந்தது. கம்பெனிகளைத் திட்டிப் பயனில்லை, அவை தர்ம சத்திரம் நடத்துவதாக எப்போதும் சொன்னதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும் (சைட் செய்துகொடுத்த தம்பியின் ஈமெயிலில் அல்ல, அவர் துபாய் போய்விடுவார்). பக்கங்களின் மூலப் பிரதி உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஹோஸ்டிங் யாருடையது என்பது சில்லறை விஷயம்.

கிளவுட், கிளவுட் என்கிறார்களே, அது உண்மையில் எங்கே இருக்கிறது?
இல்லத்தரசி, தஞ்சாவூர்

தரையில். கான்கிரீட் கட்டடம், ராட்சச ஏசி, டீசல் ஜெனரேட்டர். மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்திய மையம் 2015 முதல் சென்னையில் இருக்கிறது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது. கட்டடம் என்றால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுக்க எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகத் தொலைத்தார்கள்.

'டிப்ளாய்' என்பது ஃபைல்களை ஏற்றுவதற்கு வைத்த ஸ்டைலான பெயர்தானே?
டிடிபி மையம் நடத்துபவர், சிவகாசி

பாதி சரி. எஃப்டிபி காலத்தில் ஃபைல்களைக் கையால் இழுத்துப் போட்டோம். நடுவில் கரண்ட் போனால் சைட்டில் பாதி புதுசு, பாதி பழசு. இப்போது உங்கள் பக்கங்கள் ஒரு ஃபோல்டரில் கிட் என்ற கருவியின் பார்வையில் இருக்கும். திருத்தியதும் கமிட் (பதிவது), பிறகு புஷ் (அனுப்புவது). அது கிட்ஹப்பில் போய்ச் சேர்ந்த உடனே ஹோஸ்டிங் சேவைக்குத் தகவல் போகும். அது ஒரு தற்காலிகக் கம்ப்யூட்டரை எழுப்பும். பக்கம் தயாரிக்கும் கருவியாக ஹியூகோவோ ஜெக்கிலோ, நீங்கள் எதை வைத்திருக்கிறீர்களோ அதை ஓட்டி, எச்டிஎம்எல் பக்கங்களாக்கி, பல ஊர் சர்வர்களுக்கு அனுப்பிவிட்டு அந்தக் கம்ப்யூட்டரைக் கலைத்துவிடும். சின்ன சைட்டுக்கு ஓரிரு நிமிட வேலை. நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் பழைய சைட் அப்படியே நிற்கும், வாசகருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி அம்சம்தான்.

கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதினார். உலகமே கூடி எழுதும் மென்பொருளைக் கட்டி மேய்க்க வந்த கருவியைக் கொண்டு நாம் 'என்னைப் பற்றி' பக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்துகிறோம். அவர் கோபிக்க மாட்டார். அவர் எதற்கெல்லாம் கோபிப்பார் என்பது ஊரறிந்த கதை.

என் லேப்டாப்பில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. நெட்டில் ஏற்றினால் பாதியைக் காணோம். வைரஸா?
போட்டோகிராபர், கும்பகோணம்

வைரஸ் இல்லை, உங்கள் கேமரா. அது ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று பெரிய எழுத்தில் போடும். நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்குங்கள், இடைவெளியும் வேண்டாம். பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மட்டும் மாற்றினால் விண்டோஸில் கிட் சில சமயம் கவனிக்காது. முதலில் வேறொரு பெயர் வைத்து கமிட் செய்துவிட்டு, பிறகு சரியான பெயருக்கு வாருங்கள்.

நேற்று ஹோஸ்டிங் மாற்றினேன். மருமகள் போனில் புது சைட் வருகிறது, என் போனில் பழையதே வருகிறது.
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மயிலாடுதுறை

மருமகள் மொபைல் டேட்டாவில் பார்த்திருப்பார், நீங்கள் வீட்டு வைஃபையில். டொமைன் பெயரை சர்வர் எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். ஒவ்வொரு இணைய நிறுவனமும் ஒருமுறை கேட்ட எண்ணைக் கொஞ்ச நேரம் தன் டைரியில் குறித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் என்ற இடத்தில் நீங்களே சொல்லலாம். 86,400 விநாடி என்று இருந்தால் ஒரு முழு நாள். அடுத்த முறை மாற்றுவதற்கு முந்தின நாளே அதை 300 ஆக்கிவிடுங்கள். இப்போதைக்குக் காபி.

இலவசம் என்று சேர்த்துவிட்டுப் பின்னால் லட்சக்கணக்கில் பில் போடுவார்களா?
ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரர், சேலம்

கார்டு நம்பர் கொடுக்காத இடத்தில் கவலை இல்லை. கொடுத்த இடத்தில் உண்டு. 2024 பிப்ரவரியில் ஒரு சாதாரண ஸ்டேட்டிக் (முன்கூட்டியே தயாரித்த பக்கங்கள் மட்டும் உள்ள) சைட்டுக்கு நெட்லிஃபையிலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. யாரோ ஒரு பாட்டு ஃபைலை ஓயாமல் இறக்கித் தாக்கியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் நிறுவனத்தின் தலைவரே தள்ளுபடி என்று அறிவித்தார். அதே ஆண்டு அமேசானின் எஸ்3 என்ற ஃபைல் கிடங்கில் ஒருவருக்குக் காலியாக இருந்த பக்கெட்டுக்கு (அங்கே ஃபைல் வைக்கும் பெட்டி) 1,300 டாலர் பில். கதவைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் சேர்த்து அவரிடமே வசூல்! மே மாதம் அமேசான் அந்த விதியை மாற்றியது. 'பட்ஜெட் அலர்ட்' வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது ஈமெயில்தான் அனுப்பும், மீட்டரை நிறுத்தாது. ஈமெயிலும் சில மணி நேரம் தாமதமாக வரலாம். குடும்பப் படங்கள் வைக்க எஸ்3 எதற்கு என்பது என் கட்சி.

1999-ல் ஊர் வரலாறு பற்றி நான் போட்ட பக்கங்கள் இப்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாமக்கல்

முடியும் ஐயா. அப்போது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஃபான்ட்கள் ஆளுக்கொன்று இருந்தன. ஃபான்ட் போனதும் தமிழும் போனதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஃபான்ட்டின் பெயர் உள்ளேயே இருக்கும். அதற்கேற்ற மாற்றி வைத்து யூனிகோடாக்கி, யூடிஎஃப்-8 என்று சேமித்து, பக்கத்தின் தலையிலும் அதை அறிவித்துவிடுங்கள். யூடிஎஃப்-8-ல் 'கோ' என்ற ஒரே எழுத்து ஆறு பைட் பிடிக்கும். பயப்பட வேண்டாம், சர்வர் சுருக்கித்தான் அனுப்புகிறது. பழந்தமிழ் நூல்களை நெட்டில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியது. டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு இதே பாதையில்தான் வந்தது, இன்றும் இருக்கிறது. சாதா எச்டிஎம்எல்லும் பிடிஎஃபும்தான் அங்கே. உங்கள் ஊர் வரலாற்றுக்கும் அது போதும்.

தமிழிலேயே டொமைன் பெயர் கிடைக்குமா?
தனித்தமிழ் ஆர்வலர், புதுச்சேரி

கிடைக்கும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் உண்டு. விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும். ஆனால் பல இடங்களில் படிவங்கள் அதைக் கண்டு முழிக்கும். ஆகவே துணைக்கு ஓர் ஆங்கில எழுத்துப் பெயரும் வாங்கிவையுங்கள்.

பூட்டுப் படம் வர எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
ஜவுளி வியாபாரி, ஈரோடு

லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதைப் பல ஆண்டுகளாக இலவசமாகத் தருகிறது. நான் மேலே சொன்ன ஹோஸ்டிங் சேவைகளில் சான்றிதழ் தானாக வரும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். 3,000-க்கு இரண்டு வேட்டி வாங்குங்கள், உங்கள் கடையிலேயே.

டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்?
மறதிக்காரர், காரைக்குடி

மைக்ரோசாஃப்ட்டே மறந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் லாகினுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் டொமைனுக்குப் பணம் கட்டாமல் விட்டதில் ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டினார். உங்களுக்கு அப்படி ஒருவர் வரமாட்டார். ஆட்டோ-ரினியூ போடுங்கள், கார்டு காலாவதியாகும் மாதத்தையும் காலண்டரில் குறியுங்கள்.

யாருமே வராத சைட்டுக்கு இத்தனை பாடா?
கவிஞர், திருநெல்வேலி

யார் சொன்னது யாரும் வருவதில்லை என்று? சர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் சைட்டில் இல்லவே இல்லாத வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டு வரிசையில் நிற்கும் ரோபோக்கள் எத்தனை என்று தெரியும். ஸ்டேட்டிக் சைட் என்பதால் எல்லோருக்கும் 404, அதாவது 'அப்படிப் பக்கமே இல்லை' என்ற ஒரே பதில்தான். கவிதைப் பக்கத்தை ஒன்றுகூடத் திறந்திருக்காது, அதற்கு நான் பொறுப்பல்ல.