ஃபார்மட் அண்ணன்

வேங்கிக்காலில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் தகவல் முதலில் போவது ஃபார்மட் அண்ணனுக்கு. கடை இல்லை, போர்டு இல்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் பென்டிரைவ். வண்டி டிக்கியில் பழைய சிடி பவுச். ‘எக்ஸ்பி - நல்லது’, ‘செவன் - பாதி’, ‘தொடாதே’ என்று மார்க்கரில் எழுதிய சிடிகள். நடுவில் ஒரு அண்ணாமலையார் பாட்டு சிடி. இன்றைக்கும் தகராறில்லாமல் ஓடுவது அது ஒன்றுதான்.

வாசலில் செருப்பை விடும்போதே துக்கவீட்டு முகம். “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?” பட்டனை அமுக்கி, ஃபேன் சத்தத்துக்குக் காது கொடுப்பார். கறுப்புத் திரையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வெள்ளை எழுத்து. பயாஸ் போய்க் கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஆளில்லை என்று திரும்பிவிட்டது, அவ்வளவுதான். கேபிள் கழன்றிருக்கலாம், பூட் வரிசை மாறியிருக்கலாம், யாராவது ஒரு பென்டிரைவைச் சொருகி மறந்திருக்கலாம். அண்ணனுக்கு இத்தனை ‘லாம்’ ஆகாது. “ஃபார்மட் அடிச்சிடலாம்.” அந்த ஒரு ‘லாம்’ போதும்.

என் வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய பென்டிரைவை யாரோ இரவல் வாங்கி சினிமா ஏற்றியிருந்தார்கள். பூட் ஆகிற பென்டிரைவாக அதைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஓடாத கம்ப்யூட்டரை எழுப்ப ஓடுகிற கம்ப்யூட்டர் வேண்டும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் விசித்திரம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அரசு லேப்டாப் வந்தது. 2011-ல் இந்த லேப்டாப் திட்டம் தொடங்கியபோது அதில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அதற்குள் நான் ஐஎஸ்ஓ ஃபைலை இழுத்துப் பென்டிரைவில் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“அரிசி மூட்டைய அப்படியே இலையில வெச்சா சாப்டுருவியா? ரூஃபஸ்ல போட்டு வடிக்கணும்பா.”

பேச்சு சரிதான். 700 எம்பி சிடி, 4.7 ஜிபி டிவிடி காலமெல்லாம் போய், இப்போது 8 ஜிபி பென்டிரைவ். வடித்ததில் அந்த சினிமா அழிந்தது. அதற்கு மட்டும் வருத்தப்பட்டார்.

எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் என்று கம்பெனிக்கு ஒரு கீ. எது என்று கேட்கமாட்டார். நாலையும் பம்பை அடிப்பதுபோல் அடிப்பார். ஏதோ ஒன்றில் சாமி வந்துவிடும். வந்தது.

“சி-யில ஒண்ணும் இல்லியே?”

“இல்லண்ணா.”

மறுநாள் திங்கட்கிழமை. குறைதீர் கூட்டத்தில் கொடுக்க, பட்டா பெயர் மாற்றத்துக்கு நான் அடித்து வைத்த மனு டெஸ்க்டாப்பில் இருந்தது. அந்த டெஸ்க்டாப்பே சி-க்குள்தான் குடியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “புதுசு மாதிரி ஓடுது பாரு” என்று டீயை உறிஞ்சினார். காசு வாங்கவில்லை. மனுவைக் கையால் எழுதிக்கொண்டு போனேன்.

இத்தனைக்கும் அந்தப் பவுச்சில் ஒரு லினக்ஸ் லைவ் சிடி உண்டு. ஹார்ட் டிஸ்கில் எதையும் பதிக்காமல் ராமிலேயே ஓடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஃபைல்களைப் பின்வாசல் வழியாக எடுத்து வந்துவிடலாம். ‘தொடாதே’ என்று எழுதியிருந்தது அதுதான்.

“ஏண்ணா, முதல்ல அதைப் போடல?”

“நீ கேக்கலியேப்பா.”

நீங்களாவது கேளுங்கள்.