பனியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்குமுன் வளாகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சாஸ்திரம். பெண் பார்க்கும் படலம்தான். பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும் கிடையாது.

குளிர்காலத்தில் போவதென்றால் முதலில் நாள் குறிக்க வேண்டும். அம்மா அப்பாவுக்கு லீவு கிடைப்பது கிறிஸ்துமஸ் வாரத்தில். அப்போது மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பேராசிரியர்கள் அதற்கும் முன்பே. மிஞ்சுவது கட்டடங்களும் சில அணில்களும். சரி, ஜனவரி மூன்றாம் திங்கள், மார்ட்டின் லூதர் கிங் தினம்? நமக்கும் விடுமுறை, பெரும்பாலும் அவர்களுக்கும் விடுமுறை.

எப்படியோ தேதி அமைந்தால், சுற்றிக்காட்டும் மாணவர் நம்மைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே பேசுவார். கோடையில் அது கலை; உறைபனியில் சர்க்கஸ்.

கல்லூரிக் கையேட்டில் என்றைக்கும் அக்டோபர்தான்: செம்மஞ்சள் இலை, புல்தரை, மடியில் புத்தகம். பிள்ளை அங்கே வாழப்போவதோ ஆகஸ்ட் கடைசி முதல் மே வரை. மின்னசோட்டா பல்கலைக்கழகம் கட்டடங்களைச் சுரங்கப் பாதைகளாலும் மேல்பாலங்களாலும் இணைத்து, ‘கோஃபர் வே’ என்று பேரும் வைத்திருக்கிறது. வெளியே தலைகாட்டாமலே வகுப்புக்குப் போகலாம் என்பது வசதியா, எச்சரிக்கையா?

ஆனாலும் ஜனவரியே உத்தமம். அலங்காரம் கலைந்த முகத்தைப் பார்த்தும் பிடித்துப்போனால், தாராளமாகத் தாம்பூலம் மாற்றலாம். பல கல்லூரிகளில் சம்மதம் சொல்ல மே 1 வரை அவகாசம் உண்டு.

கட்டண விவரத்தை மட்டும் எந்தப் பருவத்தில் பார்த்தாலும் நடுக்கம் ஒன்றுதான்.